நிலநடுக்கப் பதிவுகளைப் புதிதாக வாசிக்கும்போது என்ன தெரிகிறது?

கேள்வி இது: "கலிஃபோர்னியாவில் பழைய பதிவுகளையே மறுபடி அலசி, அதுவரை யாருக்கும் தெரியாத லட்சக்கணக்கான நிலநடுக்கங்களைக் கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன். நடந்து முடிந்த நிலநடுக்கம் எப்படித் தெரியாமல் போகும்? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு அடுத்த நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிட முடியாதா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. இந்த ஊரில், இந்தத் தேதியில், இத்தனை ரிக்டர் அளவில் வரும் என்று சொல்லும் முறை இன்று உலகில் யாரிடமும் இல்லை. அப்படிச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் எதையும் நம்ப வேண்டாம். ஆனால் உங்கள் முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. தெரியாமல் போன அந்தச் சின்ன நடுக்கங்கள்தான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிலநடுக்கவியலைப் புரட்டிப் போட்டிருக்கின்றன. நாள் குறித்துத் தருவதில்லை என்பதற்காக அவற்றை ஒதுக்கிவிட முடியாது. பூமிக்குள் எங்கே பிளவு ஓடுகிறது, அது எப்படி வளைகிறது, எது அதைத் தள்ளுகிறது என்ற மூன்றுக்கும் முன்பு ஊகமாக இருந்த பதில்கள் இன்று படமாகக் கிடைக்கின்றன.

சின்ன நடுக்கங்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? பெனோ குட்டன்பெர்க், சார்ல்ஸ் ரிக்டர் இருவரும் 1940களில் எழுதிவைத்த ஒரு விதி இருக்கிறது. அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்கு கூடும். ஒரு வட்டாரத்தில் 4 அளவில் ஒரு நடுக்கம் வந்தால், 3 அளவில் பத்து, 2 அளவில் நூறு, 1 அளவில் ஆயிரம் என்ற கணக்கில் வரும். 1 அளவு என்பது சில பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு பாறைத் துண்டு ஓரிரு மில்லிமீட்டர் அளவில் நழுவுவது. மேலே நிற்கிற மனிதனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நழுவல் நடந்த இடம் ஒரு பிளவின் மேல் இருக்கிறது. அந்த இடத்தைச் சரியாகக் குறித்துவிட்டால், பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் பிளவு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. பெரிய நடுக்கம் ஓர் இடத்துக்கு நூறாண்டுக்கு ஒரு முறையோ, அதைவிட அரிதாகவோ வரும். சின்னவை தினமும் வருகின்றன. ஆழத்தில் இருக்கும் பிளவை வரைய வேண்டுமென்றால் புள்ளிகளைத் தருபவை இவைதான்.

அவை ஏன் பட்டியலில் ஏறாமல் போயின என்பதைப் புரிந்துகொள்ள, பழைய முறையைப் பார்க்க வேண்டும். ஒரு நிலநடுக்கமானி மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என மூன்று திசை அசைவுகளை, பெரும்பாலும் நொடிக்கு நூறு முறை பதிகிறது. ஒரு நிலையத்திலிருந்து மட்டும் ஒரு நாளைக்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வரும். இதில் நடுக்கத்தைப் பிடிக்கப் பல பத்தாண்டுகளாக ஓர் எளிய கணக்கு போட்டார்கள். கடைசி ஓரிரு நொடிகளின் சராசரி அசைவை, அதற்கு முந்தைய அரை நிமிடம்போல நீண்ட நேரத்தின் சராசரியோடு வகுத்துப் பார்ப்பார்கள். விகிதம் சட்டென்று எகிறினால் ஏதோ வந்திருக்கிறது. நான்கைந்து நிலையங்களில் ஒரே சமயத்தில் எகிறினால் அது நிலநடுக்கம். பிறகு ஒரு பகுப்பாய்வாளர் திரையில் அந்த வரைகோட்டைப் பார்த்து, முதலில் வரும் பி அலை எந்த நொடியில் தொடங்கியது, பின்னால் வரும் எஸ் அலை எந்த நொடியில் தொடங்கியது என்று கையால் குறிப்பார்.

இது நல்ல முறைதான். இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஆனால் லாரி போகிறது, காற்று மரத்தை அசைக்கிறது, கடல் அலை கரையில் மோதுகிறது. எல்லாமே தரையை அசைக்கின்றன. இந்த இரைச்சலைவிடச் சின்னதாக வரும் நடுக்கத்தால் விகிதம் எகிறாது. பதிவில் அது இருக்கும், பட்டியலில் இருக்காது. நீங்கள் படித்த செய்தியில் "கண்டுபிடித்தது" என்றால் இதுதான் பொருள். தரவு பத்து ஆண்டுகளாக வட்டில் கிடந்தது, அதைக் கேட்கும் முறைதான் புதிது.

அந்த ஆய்வு கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸாக்கரி ராஸும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. 2019இல் சயன்ஸ் இதழில் வந்தது. அவர்கள் கையாண்ட முறையை அச்சுப் பொருத்தம் என்று சொல்லலாம். இதன் அடிப்படை அழகானது. ஒரே பிளவில், ஒரே இடத்தில், ஒரே விதமாக இரண்டு நழுவல்கள் நடந்தால், இரண்டின் அலைகளும் ஒரே பாறை வழியாக ஒரே பாதையில் ஒரே நிலையத்துக்கு வரும். ஆகவே இரண்டின் வரைகோடுகளும் வளைவுக்கு வளைவு ஒத்திருக்கும். உயரம் மட்டும்தான் வேறு. ஏற்கெனவே தெரிந்த ஒரு நடுக்கத்தின் வரைகோட்டை அச்சாக எடுத்து, பத்து ஆண்டுப் பதிவின் மேல் நொடியின் நூறில் ஒரு பங்கு வீதம் நகர்த்திக்கொண்டே போய், எங்கெல்லாம் பொருந்துகிறது என்று பார்த்தால், அதே இடத்தில் நடந்த மிகச் சின்ன நடுக்கங்கள் எல்லாம் அகப்படும். திருவிழாக் கூட்டத்து இரைச்சலில் யார் பேசுவதும் புரியாதபோதுகூட, பழகிய ஒருவர் கூப்பிட்டால் காது பிடித்துக்கொள்கிறது அல்லவா, அப்படி.

இதில் நிலையங்களைச் சேர்க்கும் நுட்பம்தான் உயிர்நாடி. ஒரு நிலையத்தில் மட்டும் பார்த்தால் பொருத்தம் மிக மங்கலாக இருக்கும், தற்செயலா நிஜமா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அச்சு நடுக்கத்தின் அலை ஒவ்வொரு நிலையத்துக்கும் எத்தனை நொடி தாமதமாகப் போனது என்பது நமக்குத் தெரியும். அந்தத் தாமதங்களைக் கழித்து எல்லா நிலையங்களின் பொருத்த மதிப்புகளையும் கூட்டினால், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தணியும், நடுக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகும். தனித்தனியாக எந்த நிலையத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கூட்டிய பிறகு ஐயமில்லாமல் நிற்கும்.

ராஸ் குழு எடுத்துக்கொண்டது தெற்கு கலிஃபோர்னியாவின் 2008 முதல் 2017 வரையான முழுப் பதிவு. அச்சுகள் சுமார் 2,84,000. கணக்குப் போட 200 ஜிபியுக்கள் (ஒரே நேரத்தில் பல கணக்குகளைப் போடும் கணினிச் சில்லுகள்) வாரக்கணக்கில் ஓடின. முடிவில் கிடைத்தவை 18.1 லட்சம் நடுக்கங்கள், அதாவது பழைய பட்டியலைப் போலப் பத்து மடங்கு. சராசரியாக 174 நொடிக்கு ஒன்று. அதற்கு முன்பு அரை மணிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முறை அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஜப்பானின் ஷிகோகு தீவுக்கு அடியில் மணிக்கணக்கில் நீடிக்கும் ஒரு மெல்லிய முணுமுணுப்பு வருவது தெரிந்திருந்தது. அது என்னவென்று விளங்கவில்லை. 2007இல் டேவிட் ஷெல்லி, கிரெக் பெரோசா, சதோஷி இடே மூவரும் இதே பொருத்த முறையால், அந்த முணுமுணுப்பு ஒன்றன் மேல் ஒன்றாக விழும் எண்ணற்ற குறை அதிர்வெண் நடுக்கங்களின் கூட்டம்தான் என்று காட்டினார்கள். என் பார்வையில் அதுதான் உண்மையான திருப்புமுனை. 2019இல் நடந்தது, அதே கருத்தை ஒரு முழு வட்டாரத்துக்கும் பத்து ஆண்டுகளுக்கும் விரிக்கும் கணினி வலிமை கைக்கு வந்தது.

அச்சுப் பொருத்தத்துக்கு ஒரு குறை உண்டு. தெரிந்ததை ஒத்ததை மட்டும்தான் அது தேடும். இதுவரை ஒரு நடுக்கம்கூடப் பதிவாகாத பிளவு அதற்குத் தெரியாது. இதற்கு ஸ்டான்ஃபோர்டில் கிளாரா யூன் குழு 2015இல் ஒரு வழி காட்டியது. அச்சே வேண்டாம், பதிவின் ஒவ்வொரு துண்டையும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் ஒப்பிட்டுத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்போம் என்பது கருத்து. நேரடியாகச் செய்தால் கணக்கு வெடித்துவிடும். கலிஃபோர்னியாவின் கலவேராஸ் பிளவுக்கு அருகிலிருந்த ஒரே நிலையத்தின் ஒரு வாரப் பதிவுக்கே ஒன்பதரை நாள் பிடித்தது. அவர்கள் கைபேசியில் ஒரு பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தார்கள். அவை முழுப் பாட்டையும் ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு துண்டையும் ஒரு குறுகிய கைரேகையாகச் சுருக்கி, ஒத்த கைரேகைகள் தாமாகவே ஒரே பெட்டியில் விழும்படி அடுக்கிவைக்கின்றன. பெட்டிக்குள் இருப்பவற்றை மட்டும் ஒப்பிட்டால் போதும். அதே வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. பட்டியலில் இருந்த 24 நடுக்கங்களில் 21 கிடைத்தன, பட்டியலில் இல்லாத 68 புதிதாகக் கிடைத்தன. அந்த மூன்று விட்டுப்போனதையும் கவனியுங்கள். வேகத்துக்குக் கொடுக்கிற விலை அது. திரும்பத் திரும்ப வருவதெல்லாம் நடுக்கமாகவும் இருக்காது. ஓர் ஆலையின் இயந்திரமும் அதே போலத்தான் திரும்ப வரும்.

மூன்றாவது வழிதான் இன்று எங்கும் பேசப்படுகிற ஆழ்கற்றல், அதாவது ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை. 2018 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் வெய்ச்சியாங் ஜூவும் பெரோசாவும் ஃபேஸ்நெட் என்ற நரம்பியல் வலைப்பின்னலை உருவாக்கினார்கள். அதன் வடிவமைப்பு முதலில் மருத்துவப் படங்களில் செல்களின் எல்லையைப் பிரித்துக் காட்டுவதற்காக வந்தது. இங்கே அது வரைகோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் இது பி அலையின் தொடக்கமா, எஸ் அலையின் தொடக்கமா, வெறும் இரைச்சலா என்று நிகழ்தகவு சொல்கிறது. அதற்குக் கற்றுக்கொடுத்தது எது தெரியுமா? வட கலிஃபோர்னியாவில் முப்பது ஆண்டுகளாகப் பகுப்பாய்வாளர்கள் கையால் குறித்துவைத்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். செயற்கை நுண்ணறிவின் சாதனை என்று செய்தி போடும்போது இந்த மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். திரையின் முன் உட்கார்ந்து எஸ் அலை எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்த அந்த உழைப்பு இல்லையென்றால் இந்த நிரல்கள் எதுவும் இல்லை.

பழகிய இடத்தைவிட்டு வெளியே கொண்டுபோனாலும் இவை ஓரளவு வேலை செய்வது பெரிய ஆச்சரியம். 2020இல் முஸ்தஃபா மூசவி குழு வெளியிட்ட ஈக்யூ டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாதிரி, உலகின் பல பகுதிகளில் பதிவான நடுக்கங்களில் பயின்றது. அதை ஜப்பானின் தொத்தோரியில் 2000ஆம் ஆண்டு வந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இருந்த நிலையங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றை வைத்தே இரண்டு மடங்கு நடுக்கங்களைப் பிடித்தது. இத்தாலியின் அமட்ரிச்சே, நோர்ச்சா ஊர்களை 2016இல் சிதைத்த தொடர் நடுக்கங்களின் ஓராண்டுப் பதிவில், ஃபேஸ்நெட்டைக் கொண்டு ஒன்பது லட்சம் நடுக்கங்களை எடுத்திருக்கிறார்கள்.

அலை வந்த நேரங்களைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. நூறு நிலையங்களிலிருந்து நிமிடத்துக்கு ஆயிரம் குறிப்புகள் வந்தால் எந்தக் குறிப்பு எந்த நடுக்கத்துக்கு உரியது என்று பிரித்துச் சேர்க்க வேண்டும். அதற்கும் தனி நிரல்கள் வந்துவிட்டன. கடைசியில் இடம் குறிப்பது. இங்கே 2000இல் ஃபெலிக்ஸ் வால்ட்ஹவுசரும் வில்லியம் எல்ஸ்வொர்த்தும் கொண்டுவந்த இரட்டை வேறுபாட்டு முறைதான் இன்றும் அடித்தளம். பக்கத்துப் பக்கத்தில் நடந்த இரண்டு நடுக்கங்களின் அலைகள் ஏறக்குறைய ஒரே பாதையில் வருவதால், பாறையைப் பற்றி நமக்கிருக்கும் அறியாமை இரண்டையும் ஒரே அளவு பாதிக்கும். இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அந்த அறியாமை கழிந்துவிடும். ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தைச் சில பத்து மீட்டர் வரை சொல்லிவிடலாம். வெறும் மேகமாகத் தெரிந்த புள்ளிகள் கூரிய கோடுகளாகவும் தளங்களாகவும் சுருங்குவதைத் திரையில் முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது மறக்காது.

இனி, இதனால் என்ன தெரிந்தது என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு தெற்கு கலிஃபோர்னியாவின் கவீயா என்ற சின்ன ஊர். 2016 தொடக்கத்தில் அங்கே சின்னச் சின்ன நடுக்கங்கள் வரத் தொடங்கின. பெரிய நடுக்கம் ஒன்று, அதன் பின்னதிர்வுகள் என்ற வழக்கமான வரிசை இல்லை. வருகின்றன, நிற்கின்றன, மறுபடி வருகின்றன. இப்படி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். இத்தகைய கூட்டங்களுக்குக் காரணம் பிளவுக்குள் நீர் புகுவதுதான் என்று பலர் கருதிவந்தார்கள். ஆனால் நீர் நகர்வதை எட்டுக் கிலோமீட்டர் ஆழத்தில் யார் பார்ப்பது? ராஸும் உடனிருந்தவர்களும் ஆழ்கற்றலால் 22,000க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் இடம் குறித்து, கால வரிசையில் ஓடவிட்டார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில் தெரிவது இதுதான். ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு இடத்தில் நடுக்கங்கள் தொடங்குகின்றன. அதற்குக் கீழே அடைபட்டிருந்த ஒரு நீர்த்தேக்கத்தின் அடைப்பு அங்கே விட்டுப்போயிருக்க வேண்டும். பிறகு நடுக்கங்களின் முகப்பு பிளவுத் தளத்தின் ஊடே மெல்ல மெல்ல மேலும் பக்கவாட்டிலும் பரவுகிறது. பிளவு தட்டையான பலகையாக இல்லை, வளைகிறது, மடிகிறது. எங்கே பாறை இறுகியிருக்கிறதோ அங்கே முகப்பு நிற்கிறது, வழி கிடைத்த பக்கம் திரும்புகிறது. 2018 ஆகஸ்டில் 4.4 அளவில் ஒன்று வந்தது, அதுதான் அந்தக் கூட்டத்திலேயே பெரியது. பழைய பட்டியலில் இந்தக் கதையின் ஒரு வரிகூடத் தெளிவாக இருக்காது. அங்கே அது ஒரு புள்ளிக் குவியல் மட்டும்.

நீர் என்றதும் ஓக்லஹோமாவைச் சொல்லாமல் விட முடியாது. 2009க்கு முன் அந்த மாநிலத்தில் 3 அளவுக்கு மேற்பட்ட நடுக்கம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு. 2015இல் மட்டும் தொள்ளாயிரம் அளவில். எண்ணெயோடு சேர்ந்து வரும் உப்பு நீரை ஆழக் கிணறுகளில் மீண்டும் செலுத்தியதுதான் காரணம். அது மண்ணுக்கடியில் அழுத்தத்தைக் கூட்டி, பல காலமாக அசையாமல் கிடந்த பிளவுகளை இளக்கிவிட்டது. 2016 செப்டம்பரில் பானீ அருகே 5.8 அளவில் வந்தது. அங்கே திபோ பெரோல் குழு 2018இல் ஒரு நரம்பியல் வலைப்பின்னலை ஓட்டி, மாநிலப் பட்டியலைவிடப் பதினேழு மடங்குக்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பிடித்தது. செலுத்தும் நீரின் அளவைக் குறைக்க ஒழுங்குமுறை அமைப்பு உத்தரவிட்டதும், எண்ணெய் விலைச் சரிவால் உற்பத்தி குறைந்ததும் சேர்ந்து, பின்னர் நடுக்கங்கள் குறைந்தன. தவிர்க்கக்கூடிய நடுக்கம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்த வகைதான். ஆகவே எந்தக் கிணறு எந்தப் பிளவை எழுப்புகிறது என்று காட்டும் நுண்ணிய பட்டியலின் மதிப்பு இங்கே பல மடங்கு கூடுகிறது.

ஹவாயில் வேறொரு படம். 2018 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரையான பதிவில் 1,92,000 அளவிலான நடுக்கங்களை ஜான் வைல்டிங் குழு பிடித்தது. பஹாலா என்ற ஊருக்கு அடியில் 36 முதல் 43 கிலோமீட்டர் ஆழத்தில், படுக்கைவாக்கில் பரவிய பல மெல்லிய தகடுகளாக அவை அடுக்கிக் கிடந்தன. பாறைக்குழம்பு புகுந்து போகும் தளங்கள் அவை. அங்கிருந்து கிளவேயா எரிமலையை நோக்கி ஒரு வழியும் தெரிந்தது. எரிமலைக்கு அடியில் ஒரு பெரிய அறை, அதிலிருந்து ஒரு குழாய் என்று பாடப்புத்தகத்தில் வரைந்திருக்குமே, அந்தப் படத்தை இனி அப்படியே வரைய முடியாது. நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய காம்பி ஃப்ளெக்ரேயிலும் 2022இலிருந்து 2025 வரையான பதிவில் 54,000 அளவில் நடுக்கங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. எரிமலைப் பள்ளத்தில் தரை உயர்ந்துவரும் பகுதியைச் சுற்றி வளைய வடிவில் ஓடும் பிளவு அதில் தெளிவாகத் தெரிந்தது. பல லட்சம் மக்கள் வாழும் இடம் அது.

முன்கணிப்புக்குத் திரும்புகிறேன். இத்தனை நடுக்கங்கள் கைக்கு வந்த பிறகும் ஏன் முடியவில்லை?

பெரிய நடுக்கத்துக்கு முன் சின்ன முன்னதிர்வுகள் வருமா என்பது நூறாண்டுக் கேள்வி. ராஸ் குழுவின் பதினெட்டு லட்சம் பட்டியல் வந்ததும் டேனியல் டிரக்மனும் ராஸும் அதில் தேடினார்கள். 4 அளவுக்கு மேற்பட்ட 46 நடுக்கங்களில் 72 விழுக்காட்டுக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நடுக்கம் இருந்தது என்றார்கள். படித்தவர்களுக்கெல்லாம் நம்பிக்கை பிறந்தது. பிறகு வேறு குழுக்கள் அதே பட்டியலையே எடுத்து, சாதாரண நாட்களிலும் நடுக்கங்கள் தாமாகவே கொத்துக் கொத்தாக வருவதைக் கணக்கில் சேர்த்து மறுபடி பார்த்தபோது அந்த விகிதம் வெகுவாகக் குறைந்தது. இன்னொரு சங்கடம், முன்னதிர்வு என்ற பெயரை நாம் பெரியது வந்த பிறகுதான் வைக்கிறோம். 2019 ஜூலை 4 அன்று கலிஃபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட்டில் 6.4 வந்தபோது அதுவே முதன்மை நடுக்கம். 34 மணி நேரம் கழித்து 7.1 வந்த பிறகு அது முன்னதிர்வு ஆயிற்று. கலிஃபோர்னியாவில் ஒரு நடுக்கத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. அந்த 6.4இன் வரைகோட்டில், நானும் அந்த ஐந்து விழுக்காட்டில் ஒன்று என்று காட்டும் அடையாளம் எதையும் யாரும் கண்டதில்லை. அந்தத் தொடரை நுணுகிப் பார்த்ததில் வேறொன்று கிடைத்தது. ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் குறுக்கிடும் சுமார் இருபது பிளவுகள் அங்கே பின்னிக் கிடந்தன. ஒரு நீளப் பிளவை வைத்து இவ்வளவு பெரிய நடுக்கம்தான் வரும் என்று கணக்கிடுவதில் எத்தனை அபாயம் இருக்கிறது என்பதை அது சொல்லிக்கொடுத்தது.

தரவு பெருகும்போது ஏமாற்றமும் எளிதில் வரும். 2018இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, பின்னதிர்வுகள் எந்த இடங்களில் வரும் என்பதை 13,451 அளபுருக்கள் (பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்கள்) கொண்ட ஆழ்கற்றல் வலைப்பின்னல் நன்றாகச் சொல்கிறது என்றது. அடுத்த ஆண்டே அர்னோ மிக்னானும் மார்க்கோ புரோக்கார்டோவும் வெறும் இரண்டு அளபுருக்கள் உள்ள ஒரு சாதாரணச் சமன்பாட்டால் அதே அளவு துல்லியத்தைக் காட்டினார்கள். இவர்கள் கட்டுரையை மாணவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன். 2023இல் இன்னொன்று. 7 அளவுக்கு மேற்பட்ட 90 நிலநடுக்கங்களுக்கு முந்தைய ஜிபிஎஸ் பதிவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்ததில், இரண்டு மணி நேரம் முன்பே பிளவு நழுவத் தொடங்குவதுபோல ஒரு குறி தெரிந்தது. சயன்ஸ் இதழில் வந்தது, உலகமெங்கும் செய்தியானது. தரவை ஆசிரியர்கள் திறந்துவைத்திருந்தார்கள். கைல் பிராட்லி, ஜூடித் ஹப்பர்ட் இருவரும் அதை எடுத்து, பக்கத்துப் பக்கத்து ஜிபிஎஸ் நிலையங்களுக்குப் பொதுவாக வரும் பிழையைக் கழித்துப் பார்த்தபோது அந்தக் குறி மறைந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தரவைத் திறந்துவைத்ததால்தான் சில வாரங்களில் உண்மை வெளியே வந்தது.

நம்பிக்கை தரும் ஒரு பாதையும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த பெர்ட்ராண்ட் ரூவெ-லெடுக், பால் ஜான்சன் குழுவினர் 2017இல், ஆய்வகத்தில் நழுவவிடப்பட்ட ஒரு செயற்கைப் பிளவு எழுப்பிய தொடர் ஒலியை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். வெறும் இரைச்சல் என்று எறியப்பட்ட பகுதியிலிருந்தே அடுத்த நழுவலுக்கு எத்தனை நேரம் இருக்கிறது என்று அது சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே சிந்தனையைக் கனடாவின் வான்கூவர் தீவுக்கு அடியில் கொண்டுபோனார்கள். அங்கே தட்டுகள் ஓராண்டுக்குச் சற்று மேல் இடைவெளியில், வாரக்கணக்கில், ஓசையின்றி நழுவும். அந்த நழுவலின் வேகம் தொடர் இரைச்சலின் வலிமையில் தெரிந்தது. ஆய்வகத்துப் பிளவு நூற்றுக்கணக்கான தடவை நழுவிக் காட்டும். ஆனால் கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் பெரிய நழுவல் ஒன்றைக்கூட நவீன கருவிகள் முழுமையாகக் கேட்டதில்லை. பயில்வதற்கு எடுத்துக்காட்டே இல்லாத பாடம் அது. அந்த இடைவெளியை எந்த நிரலும் தாண்டியதில்லை.

நம் கரையோரத்தவர்களுக்கு நேரடியாகச் சேரும் செய்தி வேறிடத்தில் இருக்கிறது. வருவதற்கு முன் சொல்வதைவிட, வந்துகொண்டிருப்பது எவ்வளவு பெரியது என்று உடனே சொல்வது. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ரா அருகே பாறை உடையத் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் ஹவாயிலுள்ள எச்சரிக்கை மையம் கணித்த அளவு 8.0. உண்மையில் அது 9.1. வெளியான ஆற்றலில் நாற்பது மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம். நாகப்பட்டினம், சென்னைக் கரைகளைச் சுனாமி அலை எட்டச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தைப் பயன்படுத்த இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. பின்னர் மியாகி இஷீ, பீட்டர் ஷீரர் உள்ளிட்டோர், ஜப்பான் முழுதும் நெருக்கமாகப் பதித்திருந்த நூற்றுக்கணக்கான ஹைநெட் நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து, அலைகளைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டி, உடைப்பு சுமத்ராவிலிருந்து வடக்கே அந்தமான்வரை 1,300 கிலோமீட்டர், நொடிக்கு ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் வேகத்தில், எட்டு நிமிடம் ஓடியதைக் காட்டினார்கள். முதலில் வரும் நிலநடுக்க அலையைக் கொண்டு, உடைப்பு தொடங்கி அரை மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய கணக்கு அது.

இதையும் தாண்டி ஒன்று வந்திருக்கிறது. இத்தனை பெரிய பாறைத்திரள் நகரும்போது புவியீர்ப்பே சற்று மாறும், அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவும். அளவு புவியீர்ப்பின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு போல. 2011இல் ஜப்பானில் வந்த தொஹோகு நிலநடுக்கத்தின் பதிவுகளில் இது இருந்ததை 2017இல் மார்ட்டின் வாலே குழு காட்டியது. 2022இல் ஆந்த்ரேயா லிச்சார்டி குழு, இதை அடையாளம் காண ஓர் ஆழ்கற்றல் மாதிரியைக் கணினியில் உருவாக்கிய நடுக்கங்களில் பயிற்றுவித்தது. 8க்கு மேற்பட்ட மிகப் பெரிய நடுக்கங்களுக்கு மட்டும் உதவும். ஆனால் பெரும் கடற்கோளை, அதாவது சுனாமியை, எழுப்புபவையும் பெரும்பாலும் அவைதான்.

இன்னும் சில ஆண்டுகளில் தரவுப் பெருக்கம் வேறு பக்கத்திலிருந்து வரப்போகிறது. கடலடியிலும் நகரங்களுக்கு அடியிலும் கிடக்கும் கண்ணாடியிழைக் கேபிளுக்குள் லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைப் படித்தால், கேபிளின் ஒவ்வொரு சில மீட்டரும் ஒரு நடுக்கமானி ஆகிவிடும். 2018இல் மான்டெரே விரிகுடாவில் 20 கிலோமீட்டர் கேபிளை நான்கு நாள் இப்படிக் கேட்டதில், கடலடியில் அதுவரை வரைபடத்தில் இல்லாத பிளவுகள் தெரிந்தன. பத்தாயிரம் நிலையங்கள் ஒரே கோட்டில். இப்படிப்பட்ட ஒரு கேபிள் ஒரு நாளில் டெராபைட் அளவில் தரவைத் தள்ளும். அதைக் கண்ணால் பார்க்க மனிதர் போதாது. மேலே சொன்ன முறைகள் இல்லாமல் இந்தக் கருவியே பயன்படாது.

நீங்கள் மாணவராக இருந்தால், வீட்டுக் கணினியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். தெற்கு கலிஃபோர்னியப் பதிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பைத்தான் தெரிந்தால் ஆப்ஸ்பை என்ற இலவசத் தொகுப்பு பதிவுகளை இறக்கி வாசிக்கும். சைஸ்பெஞ்ச் என்ற தொகுப்பில் ஃபேஸ்நெட், ஈக்யூ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் பயிற்சி பெற்ற நிலையிலேயே கிடைக்கும். 2019 ஜூலை 5ஆம் தேதி ரிட்ஜ்கிரெஸ்ட் பக்கத்து நிலையம் ஒன்றை எடுத்து ஓட்டுங்கள். அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாத நூற்றுக்கணக்கான குறிப்புகள் வரும். அவற்றை அப்படியே எண்ணிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் இன்னும் நான்கைந்து நிலையங்களின் பதிவைத் தூரத்தின் வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். தள்ளியிருக்கும் நிலையத்துக்கு அலை தாமதமாக வந்து, பி அலைக்கும் எஸ் அலைக்கும் இடையே உள்ள நேரமும் தூரத்தோடு கூடிக்கொண்டே போனால் அது நிலநடுக்கம். ஒரே நிலையத்தில் மட்டும் இருந்தால், பெரும்பாலும் பக்கத்துச் சாலையில் போன வண்டி.